நாடகத்தின் வித்து

செபராங் பிறையில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கெனச் சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு நாடகம் எழுதினேன். 1950களிலும் 1960களிலும் நம் மக்களை அலைக்கழித்த தோட்டத் துண்டாடலே அதன் பொருள். பொருள் சிறந்தது, நடையிலும் பிழையில்லை. தாத்தா வேடம் பூண்ட மாணவன் தோட்டத்தின் வரலாற்றை ஒரு பக்கம் பேசினான். தந்தை வேடம் பூண்டவன் ஒற்றுமையின் மேன்மையை ஒரு பக்கம் பேசினான். ஒத்திகையின் மூன்றாம் நாள், தந்தையாக நடித்த ஐந்தாம் ஆண்டு மாணவன் என்னிடம் வந்து, "சார், நான் பேசி முடிச்சதும் என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. அவன் செய்வதற்கென்று நான் எதையும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதியது நாடகம் அன்று, வேடம் கட்டிய சொற்பொழிவு என்பது அந்த நொடியில் விளங்கிற்று. ஆசிரியர் பயிற்சியிலும் அதன் பின்னரும் நாடகம் பற்றி எத்தனையோ விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். அச்சிறுவனின் கேள்வியைவிடக் கூரிய திறனாய்வு ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளி மேடைகளில் ஏறும் நாடகங்கள் பல, உரையாடலிலிருந்தே எழுதத் தொடங்கப்படுகின்றன. 'காட்சி ஒன்று, இடம்: வீடு' என்று எழுதியவுடன் ஒருவர் பேசத் தொடங்கிவிடுகிறார். அவர் எதை விரும்புகிறார், அதற்குத் தடை எது, அத்தடையால் என்ன நேர்கிறது என்பவற்றை எழுதியவரே அறியார். பேச்சு பேச்சை வளர்க்கிறது. கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதற்கு எளியதொரு மருந்து உண்டு. உரையாடலில் ஒரு வரியும் எழுதுமுன், நாடகத்தின் கதையை ஒரு பக்கத்துச் சிறுகதையாக எழுதி முடித்துவிடவேண்டும் என்பதே அது. இது மேனாட்டார் வழியாயிற்றே என்று எண்ணுவோர் உளர். நம் பழைய நூல்களைத் திறந்து பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

சிலப்பதிகாரப் பதிகத்தை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது, அதை நூலின் வாயில் என்று சொல்லி விரைவாகக் கடந்துவிடுகிறோம். சற்று நின்று நோக்குவோம். குன்றக் குறவர் தாம் கண்ட வியப்பை இளங்கோவிடம் வந்து சொல்கின்றனர். உடனிருந்த சாத்தனார், அப்பெண் யார், அவளுக்கு நேர்ந்தது யாது என்னும் வரலாற்றைச் சில அடிகளில் கூறுகிறார். கோவலன் பொருளை இழந்ததும், சிலம்பு விற்க மதுரை புகுந்ததும், பொற்கொல்லன் சூழ்ச்சியும், மன்னன் ஆராயாது ஆணையிட்டதும், நகர் எரிந்ததும் அச்சில அடிகளுள் அடங்கிவிடுகின்றன. அதனைக் கேட்ட இளங்கோ, அக்கதையிலிருந்து விளங்கும் உண்மைகள் மூன்றை எடுத்து மொழிகிறார். இவற்றின் பின்னரே, நூலின் முப்பது பகுதிகளும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்படுகின்றன. முதலில் கதைச் சுருக்கம். அடுத்து அதன் கருத்து. பின்னர்ப் பகுதிகளின் வரிசை. அதன் பிறகே நூல். பதிகம் இளங்கோவே செய்ததா, பிற்காலத்தார் சேர்த்ததா என்று அறிஞர் வழக்கிடுவர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் நம் கருத்துக்கு ஊறில்லை. ஒரு பெருநூல் எவ்வாறு உருவாகிறது என்று தமிழ் மரபு கருதிற்று என்பதை அப்பதிகம் தெளிவாகவே காட்டுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாத்தனார் சொல்லும் கதைப்பகுதியில் மாதவிக்குப் பெயர் இல்லை. கோவலன் பொருளைத் தொலைத்தது ஒரு நாடகக் கணிகையால் என்ற அளவோடு அவர் நின்றுவிடுகிறார். கதைக்கு அப்போது வேண்டியது அவ்வளவே. அடுத்து வரும் காதை வரிசையில் அவள் பெயர் பெறுகிறாள். நூலுக்குள் புகுந்தபின் அவள் அரங்கேறுகிறாள், கானல்வரி பாடுகிறாள், மடல் எழுதுகிறாள், மகளைப் பெற்றுத் துறவும் பூணுகிறாள். கதைச் சுருக்கம் ஓர் இடத்தைத்தான் ஒதுக்கித் தருகிறது. அவ்விடத்தில் உயிருள்ள ஓர் ஆளை நிறுத்துவது புலவனின் வேலை. சுருக்கம் எழுதினால் கற்பனை சுருங்கிவிடும் என்று அஞ்சுவோர்க்கு மாதவியே மறுமொழி.

இனி உரையாசிரியர் அடியார்க்குநல்லாரிடம் செல்வோம். அரங்கேற்று காதைக்கு உரை வகுக்கும் அவர், நாடகத்தின் சந்திகள் ஐந்து என்பார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. அவற்றை அவர் உழவுத் தொழிலால் விளக்குகிறார். உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் வளர்ந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் விளைந்து முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துப் பொலி செய்து உண்பது துய்த்தல். இவ்வுவமையின் அழகைப் புகழ்ந்தோர் பலர். அதன் பயனை எடுத்துக்கொள்வதே நம் போன்றோர்க்கு வேண்டுவது. வித்து இல்லாமல் நாற்று இல்லை. நாற்று இல்லாமல் கதிர் இல்லை. நாடகத்தில் முதலிற் காட்டிய ஒன்றிலிருந்தே பின்னர் வரும் ஒவ்வொன்றும் விளையவேண்டும். ஒரு பக்கக் கதையை எழுதிப் பார்ப்பவர், தம் கையில் இருப்பது வித்தா பதரா என்பதை விதைக்கு முன்னரே அறிந்துகொள்கிறார். விபுலானந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தம் மதங்க சூளாமணியில், செகசிற்பியார் என்று தாம் பெயர் தந்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களை இவ்வைந்து சந்திகளைக் கொண்டே ஆராய்ந்தார். தமிழ் உரையாசிரியர் தந்த அளவுகோல் ஆங்கில நாடகங்களையும் அளக்கவல்லது என்பதை அவர் நிறுவினார்.

கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் கவிதையியலில் இதனையே வற்புறுத்துகிறார். கதை பழையதாயினும் புதியதாயினும், கவிஞன் முதலில் அதன் பொது உருவை வரைந்துகொள்ளவேண்டும். நிகழ்ச்சிகளை நிரப்புவதும் விரிப்பதும் அதன் பின்னரே என்பது அவர் கூற்று. ஒடிசி என்னும் பெருங்காப்பியத்தின் கதையை அவ்விடத்தில் அவர் சில வாக்கியங்களில் சொல்லி முடிக்கிறார். எஞ்சியவை எல்லாம் கிளைக்கதைகள் என்று கூறியும் விடுகிறார்.

இவ்வளவும் இலக்கணம். இதற்கு இலக்கியமாக, ஒரு பத்திக் கதை ஒரு பெரிய நாடகமாக வளர்ந்த வரலாறு தமிழில் உண்டு. 1891ஆம் ஆண்டில் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயமே அது. அதன் பாயிரத்தில் உள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தை அறியாத தமிழர் இலர். நாடகத்தின் கதையை அறிந்தோரோ சிலரே. அக்கதையின் மூலம், பழைய கிரேக்க ஆசிரியர் அத்தினேயசு தம் நூலில் மேற்கோளாகத் தரும் ஒரு சிறு வரலாறு. அரசன் மகள் ஒருத்தியும் தொலைநாட்டு மன்னன் ஒருவனும் ஒருவரையொருவர் கனவிற் கண்டு காதல் கொள்கின்றனர். தந்தை இசையவில்லை. விருந்தொன்றில், விரும்பியவனுக்குப் பொற்கிண்ணத்தைக் கொடு என்று மகளிடம் சொல்கிறான். அந்நேரத்தில் மாறுவேடத்தில் வந்து நிற்கும் காதலனுக்கே அவள் கிண்ணத்தைக் கொடுக்கிறாள். அவ்வளவே கதை. ஆங்கிலக் கவிஞர் லிட்டன் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத்தொகுதியில், மறைவழி ஒன்றைச் சேர்த்து இதனைக் கதைப்பாட்டாக்கினார். அக்கதையைத்தான் சுந்தரம் பிள்ளை பாண்டிய நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே கொண்டுவந்து, ஐந்து அங்கமும் இருபது களமும் உடைய நாடகமாக்கினார்.

அவர் கதையை எவ்வாறு கையாண்டார் என்பதை நோக்குக. சீவக வழுதி நல்லவன். ஆனால் பிறர் சொல்லை எளிதில் நம்புபவன். அதனால் அமைச்சன் குடிலனின் கை ஓங்குகிறது. குடிலன் தன் மகன் பலதேவனை மணத்தூது அனுப்புகிறான். அத்தூது போராக முடிகிறது. போரில் தோல்வி நேர்கிறது. அதனால் மனோன்மணியைப் பலதேவனுக்கே மணம் செய்துகொடுக்க மன்னன் உடன்படுகிறான். சுந்தர முனிவர் அமைத்த சுரங்கத்தைக் குடிலன் கண்டுபிடிக்கிறான். அவ்வழியே சேரனை அழைத்துவந்து தன் எண்ணத்தை முடிக்கக் கருதுகிறான். ஆனால் அச்சுரங்கமே அவனைச் சிறைப்பட்டவனாக மணப்பந்தலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மனோன்மணியின் மாலை புருடோத்தமன் கழுத்தில் விழுகிறது. இச்சுருக்கத்தில் 'அதனால்' என்பதும் 'ஆனால்' என்பதும் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். 'பிறகு' என்பது எங்கும் இல்லை. முடிவில் கதவாகத் திறக்கப்போகும் சுரங்கத்துக்கு உரிய இடத்தைத் தொடக்கத்திலேயே முனிவர் அரண்மனையில் கேட்டுப் பெற்றுவிடுகிறார். வித்து முதல் அங்கத்தில் விழுகிறது. கதிர் ஐந்தாம் அங்கத்தில் முற்றுகிறது.

எனினும் திறனாய்வு புகழோடு நின்றுவிடலாகாது. மனோன்மணீயம் மேடையில் ஆடுவதினும் படித்துச் சுவைப்பதற்கே ஏற்றது என்று பலரும் கூறுவர். காரணம் செய்யுள்நடை மட்டும் அன்று. நடராசன் தனித்து நின்று இயற்கையை எண்ணி வியக்கும் நெடும்பேச்சுகளும், ஒதுங்கித் தவம் செய்தல் நன்றோ, உயிர்க்கு இரங்கித் தொண்டாற்றுதல் நன்றோ என்று முனிவரின் மாணாக்கர் இருவர் நிகழ்த்தும் வழக்கும் எண்ணி எண்ணி மகிழத்தக்கவை. ஆயினும் மேலே கூறிய கதைச் சுருக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றை நீக்கிச் சொன்னாலும் கதை குறைவுபடவில்லை. தத்துவப் பேராசிரியர் பேசும் அவ்விடங்களில் நாடகாசிரியர் சற்று ஓய்வெடுத்துக்கொள்கிறார். படிப்போர் அவருடன் அமர்ந்து கேட்பர். கொட்டகையில் இருப்போர் மேடையை விட்டுக் கண்ணை எடுப்பர். எந்தக் காட்சி மேடையில் தளரும் என்பதைக் கதைச் சுருக்கம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி, கதைச் சுருக்கம் ஒன்றே போதுமா என்றொரு வினா எழும். அதற்கு விடை கூறப் பினாங்குக்கே உரிமை உண்டு. 1870களில் பார்சி நாடகக் குழுவினர் இத்தீவில் வந்து ஆடிய நாடகங்களைக் கண்டு, மலாய் மொழியில் பங்சாவான் என்னும் நாடகக் கலை இங்குத் தோன்றியது. 1885ஆம் ஆண்டளவில் மாமாக் பூசி என்பார் பூசி இந்திரா பங்சாவான் என்னும் குழுவைப் பினாங்கில் அமைத்தார். இந்தியக் கதை, அரபுக் கதை, மலாய் வரலாறு, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் நாடகம் எல்லாம் அம்மேடையில் ஏறின. ஆனால் நடிகர் கையில் எழுதிய உரையாடல் இருந்ததில்லை. கதை இன்னது, காட்சிகளின் வரிசை இது, இன்ன காட்சியில் இன்னார் வருவர் என்பதைக் குழுவில் பொறுப்பானவர் எடுத்துச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு நடிகர்கள் மேடையேறித் தாமே பேசிவிடுவர். இத்தாலியில் முகமூடி நாடகக்காரர்களும் இவ்வாறே ஆடினர். பிளமினியோ ஸ்காலா 1611ஆம் ஆண்டில் அச்சிட்ட தொகுதியில் இத்தகைய ஐம்பது கதைச் சுருக்கங்கள் உள்ளன. தமிழகத்து ஸ்பெஷல் நாடகத்திலோ, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓரிரவுக்கென்று கூடி, ஒத்திகை இன்றி, தெரிந்த கதையை நம்பியே விடிய விடிய ஆடிவிடுவர்.

கதையின் கட்டுக்கோப்பு உறுதியாக இருந்தால் பேச்சு தானே பிறக்கும் என்பதை இவர்கள் மெய்ப்பித்தனர். அதே வேளையில் இன்னொன்றையும் மெய்ப்பித்துவிட்டனர். பங்சாவான் பாடல்கள் சில இசைத்தட்டுகளில் தங்கின. அந்நடிகர்கள் இரவுதோறும் பேசிய பேச்சோ காற்றோடு போயிற்று. எழுதாத உரையாடல் நாடகத்தை அன்றிரவு வாழவைக்கும், இலக்கியமாக்கி நிறுத்தாது. ஆதலால், கதைச் சுருக்கத்தை முதலில் எழுதுக என்பதன் பொருள், உரையாடலைப் புறக்கணி என்பது அன்று. கதை உறுதிப்பட்ட பின்னரே உரையாடலுக்குத் தன் முழு வலிமையும் கிட்டும் என்பதே.

என் பழைய நாடகத்துக்கு வருகிறேன். சிறுவனின் கேள்வி கேட்ட அன்றிரவே கைப்படியை ஒதுக்கிவிட்டு, கதையை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். தோட்டம் துண்டாடப்படப் போகிறது. 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்குவதற்காக, பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் தகரப் பெட்டியில் பணம் சேர்க்கிறார். அவர் மகன் நகரப் பள்ளியில் சேர விரும்புகிறான். அதனால் தாய் ஒருவருக்கும் சொல்லாமல் அப்பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டணம் கட்டிவிடுகிறாள். பங்குப் பணம் கட்டும் நாளில் பெட்டி திறக்கப்படுகிறது.

இத்தாளை மாணவர்க்குப் படித்துக் காட்டினேன். தாயாக நடிக்க இருந்த மாணவி உடனே, "அப்பா காசை எண்ணிப் பார்க்க மாட்டாரா சார்? அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருமே!" என்றாள். நியாயமான கேள்வி. இருபது பக்கம் எழுதி, மனப்பாடமும் செய்தபின் அக்கேள்வி வந்திருந்தால், பூசி மெழுகியிருப்பேன். கையில் ஒரே தாள் இருந்ததால் கதையையே மாற்ற முடிந்தது. தந்தைக்கு எழுத்தும் கணக்கும் தெரியாது. வாரந்தோறும் எண்ணி ஏட்டில் குறிப்பவன் மகனே என்று வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான்! பணம் குறைந்ததை முதலில் அறிபவன் மகன் ஆகிவிட்டான். உண்மைத் தொகையைப் படித்தால் தாய் அகப்படுவாள். பொய்த்தொகையைப் படித்தால் தந்தை ஏமாறுவார். நாடகத்தின் உயிரான காட்சி ஒரு சிறுமியின் ஐயத்திலிருந்து பிறந்தது.

அந்த ஒரு தாளிலிருந்து நான் கற்றவற்றை ஆசிரிய நண்பர்க்குச் சொல்லவேண்டும். ஒன்று, அறக்கருத்தைக் கதை என்று மயங்கலாகாது. 'ஒற்றுமையே பலம்' என்பது கருத்து. எவரேனும் எதையேனும் விரும்பி, அதற்காக ஒன்றைச் செய்யும்போதுதான் கதை தொடங்குகிறது. இரண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று இணைத்துப் படித்துப் பார்க்கவேண்டும். 'பிறகு' என்று மட்டுமே இணைக்க முடிந்த இடத்தில் கட்டு அவிழ்ந்திருக்கிறது என்று அறிக. மூன்று, முடிவில் பயன்படப்போகும் பொருள் முதற் காட்சியிலேயே கண்ணிற் படவேண்டும். மனோன்மணீயத்துக்குச் சுரங்கம் எப்படியோ, எங்கள் சிறு நாடகத்துக்குத் தகரப் பெட்டி அப்படி. நான்கு, சுருக்கத்தை எழுதியவர் அதற்கு அடிமையாகிவிடலாகாது. பொற்கிண்ணம் மாலையாக மாறியதால் கதை கெட்டுவிடவில்லை. தமிழ் மண்ணுக்கு உரியதாயிற்று. எழுதும்போது பாத்திரம் வேறு வழி காட்டினால் போகலாம். போனபின் தாளையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளவேண்டும்.

இதற்கு இத்தனை அக்கறை எதற்கு, ஆண்டு விழா நாடகந்தானே என்று சிலர் கேட்கலாம். எங்கள் மாணவரிற் பலருக்கு, பெரியோர் நிறைந்த அவையில் தமிழில் குரல் உயர்த்திப் பேசும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு முறையே வருகிறது. அன்று அவர்கள் பேசுவது, பொருள் உணராமல் உருப்போட்ட சொற்பொழிவாக இருந்தால், தமிழ் என்பது மேடைக்கென்று உடுத்திக் கழற்றும் ஆடை என்று எண்ணிக்கொள்வர். தம் மனத்தில் எழுந்த ஒன்றைச் சொல்வதற்காகப் பேசினால், அம்மொழி அவர்களுடையது ஆகும். சொல்ல வேண்டிய தேவையைத் தருவது கதை. கதை இல்லாத உரையாடலால் அத்தேவையைத் தரமுடியாது.

விழா நாளில் பெட்டி திறக்கும் காட்சி வந்தது. முன்பு ஒரு பக்கம் பேசிய தந்தைக்கு இப்போது அங்கே பேச்சே இல்லை. குறைந்த பணத்தைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார், கணக்கு ஏட்டை எடுத்து மகன் கையில் கொடுக்கிறார். மகன் அதைத் திறந்து, உண்மைத் தொகையைப் படிக்கிறான். கொட்டகையில் இருந்த பழைய தோட்டத்து மக்கள் ஓசையின்றி இருந்தனர். ஏட்டைக் கொடுத்தவன், அன்று என்னிடம் கேள்வி கேட்ட அதே சிறுவன். பேசி முடித்ததும் என்ன செய்வது என்று அதன்பின் அவன் என்னிடம் கேட்கவில்லை.